கேள்வி – பதில்: நார்வேயின் வரலாற்றாசிரியர் அமைச்சர் ஹால்வ்டான் கோஹ்ட்

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயைத் தாக்கியபோது அந்நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் என்று, சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அவர் யார், என்ன எழுதினார், அமைச்சராக எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதும் ஹால்வ்டான் கோஹ்டுக்கே.

கேள்வி: ஐயா, கோஹ்டின் இளமைக் காலத்தையும், படிப்பறையிலிருந்து அவர் அரசியலுக்கு வந்த வழியையும் விளக்க வேண்டுகிறேன். (கும்பகோணம் வாசகர்)

பதில்: கோஹ்ட் 1873 ஜூலை 7 அன்று, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள டிரோம்சோ என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். வென்ஸ்த்ரே என்ற தாராளவாதக் கட்சியைச் சேர்ந்தவர். அப்போது நார்வே ஸ்வீடனோடு ஒரே மன்னரின் கீழ் இணைக்கப்பட்டிருந்தது. அமைச்சர்கள் மன்னருக்குப் பொறுப்பானவர்களா, நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்குக்குப் பொறுப்பானவர்களா என்ற சண்டை 1884இல் நாடாளுமன்றத்தின் வெற்றியாக முடிந்தபோது சிறுவன் கோஹ்டுக்கு வயது பத்து. பிற்காலத்தில் அந்த வெற்றியின் நாயகரான யூஹான் ஸ்வெர்ட்ருப்பின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளில் எழுதியவரும் இவரே.

இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் பட்டம் பெற்றபின் கோபன்ஹேகன், லெய்ப்சிக், பாரிஸ் ஆகிய நகரங்களில் படித்தார். மன்னர்களின் வரிசையையும் போர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பொருளாதாரத்தையும் சமூக வாழ்க்கையையும் வரலாற்றின் நடுவில் வைத்த கார்ல் லாம்ப்ரெக்ட் அப்போது லெய்ப்சிக்கில் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கோஹ்டிடம் கடைசிவரை தங்கிவிட்டது. நாடு திரும்பிப் பல்கலைக்கழக நூலகத்தில் பணிபுரிந்த ஆண்டுகளிலேயே சமாதான இயக்கத்தில் முன்னணியில் இருந்தார். 1905இல் ஸ்வீடனிடமிருந்து நார்வே பிரிந்தபோது, புதிய நாட்டுக்கு மன்னர் வேண்டாம், குடியரசே வேண்டும் என்ற அணியில் நின்றார். மக்கள் வாக்களித்து டென்மார்க் இளவரசர் ஒருவரை ஏழாம் ஹாகோன் என்ற பெயரில் மன்னராக்கினர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே மன்னரோடுதான் கோஹ்ட் பனிக்காட்டில் ஓட நேர்ந்தது.

1908இல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருளைக் கவனிக்க வேண்டும்: 1863–64இல் டென்மார்க்குக்கும் ஜெர்மானிய அரசுகளுக்கும் இடையே மூண்ட மோதலில் நார்வேயும் ஸ்வீடனும் எடுத்த நிலைப்பாடு. அண்டை நாடுகள் துணைக்கு வரும் என்று நம்பிய டென்மார்க் தனித்து நின்று தோற்ற கதை அது. பெரிய வல்லரசின் முன் சிறிய நாட்டின் கதி என்ன என்பதை அவர் அமைச்சராவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஆவணம் ஆவணமாகப் படித்திருந்தார்.

அதையடுத்து அமெரிக்காவுக்குச் சென்றார். பெருமுதலாளிகளின் கூட்டு நிறுவனங்களையும் அவற்றை எதிர்த்து நின்ற தொழிலாளர் அமைப்புகளையும் நேரில் கண்டு திரும்பி, 1910இல் அமெரிக்காவின் பண பலத்தையும் உழைப்பையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு பேராசிரியர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டு, அதாவது 1911இல், தந்தை வழி வந்த தாராளவாதத்தை விட்டுத் தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். பதவிக்காகக் கட்சியில் சேர்ந்தார் என்று சொல்ல இடமே இல்லை. அக்கட்சி ஆட்சிக்கு அருகில்கூட வராத காலம் அது.

கேள்வி: வரலாற்றாசிரியராக அவர் புதிதாக என்ன சொன்னார்? (நாகர்கோவில், வரலாற்று ஆசிரியை)

பதில்: இரண்டு செய்திகளைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம்.

முதலாவது, சாகாக்கள் பற்றியது. நார்வேயின் பழங்கால வரலாற்றுக்கு முதன்மைச் சான்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்நோரி ஸ்டுர்லுசனும் பிறரும் எழுதிவைத்த மன்னர் கதைகள். பழைய நார்வேயின் வரலாறு என்பது மன்னருக்கும் பெருங்குடித் தலைவர்களுக்கும் இடையே ஓயாமல் நடந்த போராட்டம் என்று அக்கதைகளை வைத்துத்தான் அதுவரை எல்லோரும் எழுதிவந்தார்கள். 1913இல் கோஹ்ட் ஓர் உரையில் அதை மறுத்தார். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் பகை முற்றியிருந்தது சாகாக்களை எழுதியவர்களின் சொந்தக் காலத்தில். அந்தப் பகையை அவர்கள் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். உண்மையில் முற்கால அரசு அந்தப் பெருங்குடியினரின் துணையோடுதான் வலுப்பெற்றது என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் ஒவ்வொரு பகுதியும் பின்வந்த ஆய்வாளர்களால் அப்படியே ஏற்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சாகாவை நடந்ததன் பதிவாகப் படிக்காமல், எழுதியவன் காலத்தின் சான்றாகப் படிக்கும் வழக்கம் நார்வேயில் வேரூன்றியதற்கு அவ்வுரை முக்கியமான காரணம்.

இரண்டாவது, 1926இல் வெளிவந்த நார்வே விவசாயிகளின் எழுச்சி பற்றிய நூல். அவருடைய பெயர் நிலைத்திருப்பது பெரிதும் இதனால்தான். டென்மார்க் மன்னரின் ஆட்சிக் காலத்தில் வரிகளையும் அதிகாரிகளின் கெடுபிடியையும் எதிர்த்து விவசாயிகள் அங்கங்கே கிளர்ந்தெழுந்ததை அவர் தொகுத்துப் பார்த்தார். 1786இல் தென்நார்வேயில் கிறிஸ்தியான் லோஃப்துஸ் என்பவரின் தலைமையில் மூண்ட கிளர்ச்சி அவற்றுள் ஒன்று. லோஃப்துஸ் அகெர்ஷுஸ் கோட்டைச் சிறையிலேயே மாண்டார். தோற்றுப்போன இத்தகைய கலகங்களை முந்தைய நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். கோஹ்டுக்கோ அவை ஒரு வகுப்பு (வர்க்கம்) தன் பலத்தைத் தானே உணர்ந்துகொண்ட படிகள். 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பு விவசாயிக்கு வாக்குரிமை தந்தது. 1837ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சியை அவன் கைக்குக் கொண்டுவந்தது. 1884இல் வென்ஸ்த்ரே கட்சியின் வெற்றிக்குப் பின்னால் நின்றவனும் அவனே. ஒரு வகுப்பு தனக்காகப் போராடத் தொடங்கும்போது நாட்டைப் பிளப்பதுபோலத் தோன்றினாலும், அது வென்று உள்ளே நுழைந்தபின் நாடு என்ற வட்டமே பெரிதாகிறது என்பது நூலின் மையக் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவசாயி செய்ததை இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளி செய்யப்போகிறான் என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது.

இவை தவிர நார்வே நாடகாசிரியர் இப்சனின் வாழ்க்கை வரலாறு 1928–29இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. இப்சனின் கடிதங்களையும் நூற்றாண்டுப் பதிப்பையும் தொகுத்தவர்களிலும் இவர் ஒருவர். பிஸ்மார்க்கைப் பற்றியும் எழுதினார். எழுதாத பொருளைத் தேடுவதுதான் கடினம்.

கேள்வி: அப்படியானால் அவர் மார்க்சியவாதியா? (ஈரோடு வாசகர்)

பதில்: வகுப்புப் போராட்டம் வரலாற்றை நகர்த்துகிறது என்பதை மார்க்சிடமிருந்து எடுத்துக்கொண்டார், அது எங்கே போய் முடியும் என்பதில் மார்க்சை விட்டு விலகினார். ஒரு வகுப்பு இன்னொன்றை ஒழித்துவிடுவதில் அல்ல, எல்லா வகுப்புகளும் ஒரே தேசத்துக்குள் சேர்வதில்தான் அவர் முடிவைக் கண்டார். அவருக்கு முன் தலைமுறையின் பெரிய வரலாற்றாசிரியரும் வென்ஸ்த்ரே கட்சியின் சிந்தனையாளருமான எர்ன்ஸ்ட் சார்ஸ், நார்வே தேசம் இடையறாமல் வளர்ந்துவந்த ஒன்று என்று கண்டவர். சார்ஸின் தேசத்துக்குள் மார்க்சின் வகுப்பைக் கொண்டுவந்து சேர்த்ததே கோஹ்டின் வேலை என்று சுருக்கிச் சொல்லலாம். தொழிலாளர் கட்சி 1919இல் மாஸ்கோவின் கம்யூனிச அகிலத்தில் இணைந்தபோது அவருக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் 1921இல் வலதுசாரிகள் பிரிந்து தனிக்கட்சி தொடங்கியபோது அவர்களோடு போகாமல் உள்ளேயே இருந்தார். 1923இல் கட்சி மாஸ்கோ தொடர்பை அறுத்துக்கொண்டது.

கேள்வி: கட்சிக்காரர் எழுதும் வரலாற்றை எப்படி நம்புவது? நடுநிலை வேண்டாமா? (திருச்சி, கல்லூரி மாணவர்)

பதில்: நியாயமான கேள்வி. அவர் காலத்திலேயே கேட்கப்பட்டதும்கூட. விவசாயிகளிடம் உண்மையில் இருந்ததைவிட அதிகமான வகுப்பு உணர்வை அவர் ஏற்றிச் சொல்லிவிட்டார் என்ற விமர்சனத்தில் உண்மை இருப்பதாகவே எங்களுக்கும் தோன்றுகிறது. வரியைக் குறைக்கச் சொல்லி மன்னரிடம் விண்ணப்பத்தோடு சென்ற ஒரு கூட்டத்தை வருங்கால அரசியல் சக்தியாகக் காண்பதற்குக் கொஞ்சம் கட்சிக் கண்ணாடி தேவைப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், சாகா எழுதியவர்கள் தம் காலத்துச் சண்டையைப் பழங்காலத்தில் ஏற்றிவைத்தார்கள் என்று 1913இல் கண்டுபிடித்துச் சொன்னவர் இவரேதான்.

ஆனால் நார்வேயில் கட்சி சாராத வரலாற்றாசிரியரைத் தேடினால் அக்காலத்தில் அதிகம் பேர் கிடைக்க மாட்டார்கள். கோஹ்டைவிடத் தீவிரமான சோஷலிஸ்டான எட்வர்ட் பூல் என்ற வரலாற்றுப் பேராசிரியர், 1928இல் பதினெட்டே நாட்கள் நீடித்த முதல் தொழிலாளர் கட்சி அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்தார். ஒரே கட்சியிலிருந்து இரண்டு வரலாற்றாசிரியர்கள் அதே நாற்காலியில் அமர்ந்தார்கள் என்றால், அந்தச் சிறிய நாட்டில் பல்கலைக்கழகத்துக்கும் அமைச்சகத்துக்கும் தூரம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். கோஹ்டின் கல்வி மதிப்பை எதிரணியினரும் ஏற்றார்கள். 1926இல் தொடங்கிய சர்வதேச வரலாற்று அறிவியல் குழுவின் முதல் தலைவராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டு 1933 வரை இருந்தார். முதல் உலகப் போருக்குப் பின் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஜெர்மானிய அறிஞர்களும், புதிதாகச் சோவியத் அறிஞர்களும் 1928ஆம் ஆண்டு ஓஸ்லோ மாநாட்டில் மற்றவர்களோடு ஒன்றாக அமர்ந்தார்கள்.

கேள்வி: மொழிப் பிரச்சினையிலும் அவர் ஈடுபட்டார் என்று படித்தேன். சுருக்கமாகச் சொல்லுங்கள். (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: டேனிஷ் மொழியிலிருந்து வளர்ந்த நகரத்து எழுத்துமொழி ஒன்று, கிராமத்து வட்டார வழக்குகளிலிருந்து உருவாக்கப்பட்ட எழுத்துமொழி ஒன்று என நார்வேயில் இரண்டு உண்டு. கோஹ்ட் இரண்டாவதன் பக்கம். அதை வளர்க்கும் சங்கத்துக்கு 1921 முதல் 1925 வரை தலைவராக இருந்தார். மொழிக் கேள்வி தொழிலாளியின் கேள்வியும்கூட என்று வாதிட்டு 1921இல் ஒரு சிறுநூல் எழுதினார். அதிகாரிகளின் மொழியை அகற்றிவிட்டுப் பாமரனின் பேச்சை எழுத்தில் ஏற்ற வேண்டும், காலப்போக்கில் இரண்டும் மக்கள் பேச்சை ஒட்டி ஒன்றாக வேண்டும் என்பது அவர் கனவு. 1938ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் அவர் கை இருந்தது. போருக்குப் பின் நகரத்துப் பெற்றோர் அதை எதிர்த்துப் பெரிய இயக்கமே நடத்தினர். இரண்டு மொழிகளும் இன்றும் இரண்டாகவே இருக்கின்றன.

கேள்வி: காந்திக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைக்காமல் போனதில் இவருக்குப் பங்கு உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. கோஹ்ட் நோபல் குழுவில் உறுப்பினராக இருந்தது 1918 முதல் 1936 வரை. காந்தியின் பெயர் முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்டது 1937இல். பரிந்துரைத்தவர் கோஹ்டின் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஓலே கோல்பியோர்ன்சன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். காந்தியைப் பற்றி அவ்வாண்டு குழுவுக்குக் குறை கூறும் அறிக்கை தந்தவர் வோர்ம்-ம்யூல்லர் என்ற வேறொரு வரலாற்றுப் பேராசிரியர். தென்னாப்பிரிக்காவில் காந்தி இந்தியர்களுக்காக மட்டுமே போராடினார், அவர்களைவிட மோசமான நிலையில் இருந்த கறுப்பின மக்களுக்காகப் போராடவில்லை என்பது அவ்வறிக்கையின் குறைகளுள் ஒன்று.

கோஹ்டின் பெயர் தொடர்புபடுவது இன்னொரு பரிசோடு. நாஜிகளின் வதைமுகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியப் பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஒஸ்ஸியட்ஸ்கிக்கு 1935ஆம் ஆண்டுக்கான பரிசு 1936 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அப்போது கோஹ்ட் வெளியுறவு அமைச்சர். பரிசைக் கொடுத்தால் அது நார்வே அரசின் செயல் என்று பெர்லின் சொல்லும் என்பதால், அவரும் முன்னாள் பிரதமர் மோவிங்கலும் முடிவெடுக்கும் முன் குழுவிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். ஹிட்லர் சீற்றம் குறையாமல், இனி எந்த ஜெர்மானியரும் நோபல் பரிசு பெறக்கூடாது என்று தடை விதித்தார். பதவியில் உள்ள அமைச்சர் குழுவில் இருக்கக்கூடாது என்ற விதியை 1937இல் ஸ்டோர்டிங் கொண்டுவந்தது இந்த அனுபவத்தால்தான்.

கேள்வி: 1940 ஏப்ரலில் நார்வே தயாராக இல்லாமல் போனதற்குக் கோஹ்ட்தான் காரணம் என்கிறார்கள். உண்மை என்ன? (கோவை, ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி)

பதில்: அவர் அமைச்சரான விதத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1935 மார்ச்சில் தொழிலாளர் கட்சி, பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க விவசாயிகள் கட்சியோடு உடன்பாடு செய்துகொண்டது; அதன் பலனாக யூஹான் நீகோர்ஸ்வோல் பிரதமரானார். விவசாயியும் தொழிலாளியும் ஒன்றாக நாட்டை ஏற்பார்கள் என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர், அந்த ஒப்பந்தத்தின் பேரிலேயே வெளியுறவு அமைச்சரானார். வரலாற்றாசிரியர் ஒருவருடைய கணிப்பு அவருக்கே பதவியைக் கொண்டுவந்தது அபூர்வம்.

வெளியுறவில் அவருடைய நிலைப்பாடு நடுநிலை. 1939இல் ஜெர்மனி ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் செய்துகொள்ள அழைத்தபோது டென்மார்க் ஏற்றது, நார்வே மறுத்தது. போரில் இழுக்கப்பட்டே தீர வேண்டுமென்றால் பிரிட்டனுக்கு எதிரான பக்கத்தில் மட்டும் இருக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிரிட்டிஷ் கடற்படை இருக்கும்வரை ஜெர்மனி நார்வேயின் நீண்ட கடற்கரைமீது கைவைக்கத் துணியாது என்றும் நம்பினார். அந்த நம்பிக்கைதான் பொய்த்தது. ஆனால் அது அவர் ஒருவருடைய நம்பிக்கை மட்டுமன்று, படைத்தளபதிகள் பலரும் அப்படியே எண்ணினார்கள்.

1940 பிப்ரவரி 16 அன்று ஆல்ட்மார்க் என்ற ஜெர்மானியக் கப்பலை நார்வேயின் யோசிங்ஃபியோர்டுக்குள்ளேயே நுழைந்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் மடக்கி, அதில் கைதிகளாக அடைபட்டிருந்த 299 பிரிட்டிஷ் மாலுமிகளை மீட்டது. கோஹ்ட் லண்டனிடம் கண்டனம் தெரிவித்தார். நார்வேயால் தன் நடுநிலையைக் காக்க முடியாது என்று ஹிட்லர் முடிவுகட்டியதும் தாக்குதல் திட்டம் வேகமெடுத்ததும் இதன்பின். ஏப்ரல் 8 காலையில் நார்வேயின் கடற்பகுதியில் கண்ணிவெடி வைத்துவிட்டதாகப் பிரிட்டனும் பிரான்சும் அறிவித்தன. அன்று பகல் முழுவதையும் அரசும் ஸ்டோர்டிங்கும் அந்தக் கண்ணிவெடிகளைப் பற்றிப் பேசியே கழித்தன. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பெர்லினில் இருந்த நார்வே தூதரகத்திலிருந்து எச்சரிக்கைகள் வந்திருந்தன. அன்று பிற்பகல் தென்கடற்கரைக்கு அருகே ஒரு ஜெர்மானியக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. கரை சேர்ந்த சீருடை வீரர்கள் தாங்கள் பெர்கன் நகரத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். இத்தனைக்குப் பின்னும் முழு அணிதிரட்டலுக்கு, அதாவது படைக்கு உரிய எல்லோரையும் அழைப்பதற்கு, ஆணை பிறக்கவில்லை. பொறுப்பு அரசு முழுவதற்கும் உரியது என்றாலும், வெளியுறவுத் தகவல்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு சக அமைச்சர்களோடும் இராணுவத்தோடும் போதிய அளவு பகிராதது கோஹ்டின் தனிப்பட்ட தவறு என்றே கொள்ள வேண்டும். பழைய ஆவணங்களைத் தனியே உட்கார்ந்து எடைபோட்டுப் பழகிய மனிதர் தந்திகளையும் அவ்வாறே நடத்தினார் போலும்.

ஏப்ரல் 9 விடியுமுன் ஜெர்மானியத் தூதர் குர்ட் பிராய்யர், விளக்கணைப்பு காரணமாக மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோஹ்டைச் சந்தித்துச் சரணடையும்படி நிபந்தனைகளை வாசித்தார். பக்கத்து அறையில் இருந்த அமைச்சர்களிடம் போய்ச் சில நிமிடங்களில் திரும்பிய கோஹ்ட், நாங்களாகப் பணிய மாட்டோம், சண்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஓஸ்லோ ஃபியோர்டில் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் நீர்மூழ்கிக் குண்டுகளும் ப்ளூக்கர் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தகர்த்துக்கொண்டிருந்தன. மன்னரும் அரசும் தப்பிச்செல்ல அதனால் கிடைத்தது சில மணிநேர அவகாசம்.

காலையில் ரயில் நிலையத்தில் வானொலிச் செய்தியாளர் கேட்டபோது, பொது அணிதிரட்டலுக்கு ஆணையிடப்பட்டுவிட்டது என்று கோஹ்ட் சொன்னார். உண்மையில் அமைச்சரவை முடிவு செய்திருந்தது கடிதம் மூலம் அழைக்கும் பகுதி அணிதிரட்டல் மட்டுமே. அந்தப் பிழையான செய்தியைக் கேட்டுத்தான் ஏராளமான இளைஞர்கள் படைமுகாம்களை நோக்கிப் புறப்பட்டார்கள். ஐந்தாண்டு அமைச்சர் பதவியில் அவர் படைக்குச் செய்த மிகப் பெரிய உதவி இந்தத் தவறுதான் என்று சொன்னால், உங்களைப் போன்ற படைவீரர் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

மறுநாள் எல்வெரும் நகரில் பிராய்யர் மன்னரைச் சந்தித்து, நாஜி ஆதரவாளர் க்விஸ்லிங்கைப் பிரதமராக்கக் கேட்டார். கோஹ்டும் அந்தச் சந்திப்பில் இருந்தார். அப்படி நியமிப்பதைவிட முடிதுறப்பேன் என்று மன்னர் அமைச்சர்களிடம் கூற, அரசு ஒருமனதாக மறுத்தது. ஏப்ரல் 11 அன்று அவர்கள் தங்கியிருந்த நீபெர்க்சுண்ட் கிராமத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசின.

கேள்வி: அதன்பின் அவர் என்ன ஆனார்? (சென்னை வாசகி)

பதில்: ஜூன் 7 அன்று மன்னரும் அரசும் டெவன்ஷையர் என்ற பிரிட்டிஷ் கப்பலில் நாட்டை விட்டு வெளியேறினார்கள். கப்பல் புறப்பட்ட துறைமுகம் கோஹ்ட் பிறந்த டிரோம்சோ. லண்டனில் அவர் அதிக நாள் நிலைக்கவில்லை. பிரிட்டனோடு முழுக்கூட்டு வேண்டும் என்று பிறர் விரும்ப, கோஹ்ட் தயங்கினார். நடுநிலைக் காலத்தின் கசப்பும் அவர்மீதே விழுந்தது. 1940 நவம்பரில் விடுப்பில் சென்றார். 1941 பிப்ரவரியில் முறைப்படி விலக, டிரிக்வே லீ அமைச்சரானார். பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையின் முதல் பொதுச்செயலாளரான அதே லீ. கோஹ்ட் அமெரிக்காவில் போர்க்காலத்தைக் கழித்து 1945இல் நாடு திரும்பினார்.

1945இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, ஏப்ரல் 9க்கு முந்தைய செயல்பாட்டுக்காக அரசையும் குறிப்பாக அவரையும் கண்டித்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. எழுபது வயதைக் கடந்திருந்த அவர் அதன்பின் இருபது ஆண்டுகள் ஓயாமல் எழுதினார். தன் செயல்களை விளக்கி 1947இலும் 1957இலும் நூல்கள் வந்தன; இப்சன் வரலாறு 1954இல் திருத்தப்பட்டது. 1965 டிசம்பர் 12 அன்று, 92ஆம் வயதில் காலமானார். மகள் ஓசே புகழ்பெற்ற உளவியலாளர், மகன் பால் தூதர். மனைவி காரென் கல்வியாளர், பெண்ணுரிமைக்காக எழுதியவர்.

கேள்வி: நார்வே மொழி தெரியாதவர்கள் எதைப் படிக்கலாம்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஆங்கிலத்தில் நான்கு நூல்களைச் சொல்லலாம். இப்சனின் வாழ்க்கை வரலாறு, அமெரிக்கச் சிந்தனை ஐரோப்பாவில் பரவியது பற்றி 1949இல் வந்த நூல், வரலாற்றை இயக்கும் சக்திகள் பற்றி 1964இல் வந்த சிறுநூல், நார்வே தாக்கப்பட்டது பற்றி 1941இல் அவரே எழுதியது. கடைசியாகச் சொன்னதை முதலில் எடுக்க வேண்டாம். அது போர் நடக்கும்போதே எழுதப்பட்ட தற்காப்பு. சக்திகள் பற்றிய நூல் மெல்லியது, கருத்து அடர்ந்தது. அதிலிருந்து தொடங்குவதே நல்லது. இப்சனை நாடகமாக மட்டும் அறிந்தவர்கள் வாழ்க்கை வரலாற்றிலிருந்தும் தொடங்கலாம்.